பல் டாக்டரம்மாவுக்குச் செய்த கூம்புகள்

கூம்புக்காரர் செய்த ஸ்பீக்கரைக் கேட்டுவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்ட ஆள் அதுவரை ஒருவரும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டவர்கள் உண்டு. தொடையில் தாளம் போட்டவர்கள் உண்டு. ஓய்வு பெற்ற கப்பல் அதிகாரி ஒருவர் பாட்டு முடிவதற்குள் எழுந்துபோய் வாசலில் நின்று மூக்கைச் சிந்தியதும் உண்டு. தாடையைப் பிடித்தவர் பல் டாக்டரம்மா ஒருவர்தான்.

அவருடைய வீட்டுக் கூடத்துக்காகத்தான் அந்த ஜோடி தயாராகியிருந்தது. ஒவ்வொன்றும் ஆள் உயரம். கீழே பீரோ மாதிரி நிற்கும் மரப்பெட்டி. அதற்குள் அடி ஓசைக்கான நீளக் கூம்பு, படுக்கையை மடித்த மாதிரி மூன்று மடிப்பாக மடங்கிக் கிடந்தது. அதன் தலைமேல் நடு ஓசைக்கு, பலகைகளை அடுக்கி ஒட்டி இழைத்த, வாயகன்ற மரக்கூம்பு. அதற்கும் மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டிக் கூம்பு. தாளத்தட்டின் சிலிர்ப்பு, பாடுகிறவரின் பல்லிடுக்கில் கசியும் காற்று, கம்பியை விட்டு விரல் விலகும் கணம் எல்லாம் அந்தக் குட்டியின் பொறுப்பு. மூன்றும் சேர்ந்து ஒரே வாயாகப் பேச வேண்டும். வித்தை அங்கேதான் இருக்கிறது. தனித்தனியாகக் கத்த வைக்க யாரால்தான் முடியாது?

"எப்படிம்மா இருக்கு?" என்றார் கூம்புக்காரர். அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. பாராட்டை வாங்கிக்கொள்ளத் தட்டை நீட்டுவது மாதிரி கேட்டார்.

"அடி ஓசை ரொம்ப நல்லா இருக்கு மாஸ்டர். பாடுற குரலும் எதிர்ல உக்காந்து பாடுற மாதிரியே இருக்கு. ஆனா..."

"ஆனா?"

"தப்பா எடுத்துக்காதீங்க. மேல ஒண்ணு கிரீச்சுனு வருது. காலைலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் நான் கேக்குற சத்தம் அது. என் டிரில்லு. வீட்டுக்கு வந்தும் அதையே கேக்கணுமான்னு இருக்கு."

கூம்புக்காரர் சிரித்தார். குழந்தை ஏதோ உளறினால் பெரியவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

"எத்தனை வருஷமா டாக்டரம்மா அந்த டிரில்லைப் பிடிச்சிருக்கீங்க?"

"இருபது இருக்கும்."

"அப்புறம் எப்படிம்மா? காது அதுலயே ஊறிப்போச்சு. இனிமே குயில் கூவினாலும் உங்களுக்கு டிரில்லாத்தான் கேக்கும். குத்தம் உங்க தொழில்லம்மா. என் கூம்புல இல்ல."

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. வாயைத் திறக்க மறுக்கிற எத்தனையோ பேரைப் பார்த்தவர். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இருக்கலாம் மாஸ்டர். ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவை வந்து கேக்குறேன். அப்பவும் எனக்கு இப்படியே இருந்தா, நீங்க வேற நல்ல காதா பார்த்துக் கொடுத்துடுங்க. வருத்தம் ஒண்ணும் இல்ல."

வருத்தம் இல்லையாம். கூம்புக்காரரின் பட்டறையிலிருந்து ஒரு ஜோடிகூட வேண்டாம் என்று திரும்பியது கிடையாது. ஒரு வீட்டில் அடி ஓசைப் பெட்டி உள்ளே நுழையவில்லை என்று வாசல் நிலையையே பெயர்த்து எடுத்து, பெட்டியை உள்ளே விட்டு, மறுபடி நிலையைப் பொருத்தினார்கள். அப்படி வாங்கிப் போனவர்களின் நடுவில் ஒரு பல் டாக்டர், வருத்தம் இல்லை என்கிறார்.

உள்ளறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. துணி தைத்துக் கொடுக்கும் தொழில் அவர் மனைவிக்கு.

"என்ன சொன்னாங்க?"

"அவங்க காது சரியில்லையாம்."

"அவங்களே சொன்னாங்களா?"

"நான் சொன்னேன்."

"நல்லா இருக்கே. பல்லு பாக்குறவங்களுக்கே காது பார்த்து அனுப்பிட்டீங்களா?"

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

கூம்புக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்க முடியாது. பெருக்கல் வாய்ப்பாட்டில் ஏழு வரைக்கும் போனார். எட்டு அவருக்காகக் காத்திருந்து சலித்துப்போனது. விளம்பர வண்டியில் தகரக் குழாய் ஸ்பீக்கர் கட்டும் வேலைக்குச் சேர்ந்தார். வண்டி ஊர்ந்து போகும்போது அவர் பின்னாலேயே நடப்பார். கையளவு தகடு ஒன்று உள்ளே துடிக்கிறது. ஒரு தெருவே ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்க்கிறது. மற்றவர்கள் அதில் இரைச்சலைக் கேட்டார்கள். அவர் அதில் பலத்தைக் கேட்டார். இந்தப் பலத்தை வைத்துக்கொண்டு கத்தாமல் பேசினால் எப்படி இருக்கும்? தகரத்துக்குப் பதில் மரம் இருந்தால்? தெருவுக்குப் பதில் ஒரு கூடம் இருந்தால்?

சொன்னபோது எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "வீட்டுக்குள்ள குழாய் கட்டப் போறியா? சோறு ரெடின்னு அறிவிக்கவா?" என்றார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டு அவர் அட்டையை வெட்டினார். தொண்டையிலிருந்து வாய் வரைக்கும் கூம்பு எப்படி விரிய வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பலகை பலகையாகப் பாழடித்து அவரே கண்டுபிடித்தார்: ஒரே அளவு தூரம் போகப் போக, ஒவ்வொரு தடவையும் வாய்ப்பரப்பு இரண்டு மடங்காக வேண்டும். அவசரப்பட்டு விரித்தால் ஓசை கத்தும். தயங்கி விரித்தால் மூக்கால் பேசும். பின்னாளில் ஒரு இன்ஜினியர் தம்பி காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார். கணக்கின் வளைவும் அட்டையின் வளைவும் ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் படிந்தன. இரண்டு பேருக்கும் அன்று வாயெல்லாம் பல். இப்படிச் சொந்தக் கையால் எழுந்து நின்ற மனிதர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? விரல் விட்டு எண்ணலாம், அதிலும் விரல் மிஞ்சும்.

செய்வதெல்லாம் அளவுகோலால் செய்தாலும் கடைசி முடிவை அவர் காதுக்குத்தான் விட்டார். குட்டிக் கூம்புக்கு முன்னால், கம்பியில் ஒரு ரெசிஸ்டர் வைப்பார். அது மேல் ஓசையை அடக்கிப் பிடிக்கும். பெரிதாக வைத்தால் ஓசை அடங்கும், சிறிதாக வைத்தால் துள்ளும். ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிக் கேட்பார். "வந்துடுச்சு" என்று வாய் தானாகச் சொல்லும்போது பற்றவைத்துவிடுவார். மீட்டர் வைத்துப் பார்க்கிறவர்களைக் கண்டால், "தெர்மாமீட்டர் வச்சுக் காபி குடிக்கிற ஆளுங்க" என்பார்.

அந்தக் கடைசி வேலையின்போது மனைவியும் கூட இருப்பார். கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டே கேட்பார். எதுவும் சொல்ல மாட்டார். ஊசி ஒரே சீராக ஓடும். இரண்டு வருஷமாக அது இல்லை. "தலை வலிக்குதுங்க" என்று உள்ளறைக்குப் போய்விடுகிறார். ஸ்பீக்கர் தொழில் அவளுக்குச் சலித்துவிட்டது என்று கூம்புக்காரர் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார். அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். பெட்டி தூக்கப் பயப்படாத ஆள், இதற்குப் பயந்தார்.

டாக்டரம்மா போன மறுநாள் காலை, அவர் குட்டிக் கூம்புகள் இரண்டின் பின்னாலிருந்தும் ஓசை எழுப்பும் தகடு வைத்த யூனிட்டுகளைக் கழற்றி, துண்டில் சுற்றிக்கொண்டு புறப்பட்டார். டாக்டரம்மாவின் காதுமேல் பழியைப் போட்டாயிற்று; ஆனாலும் ராத்திரி தூக்கம் வரவில்லை. தகட்டில் கீறல் விழுந்திருந்தாலும் கிரீச் வரும். வரட்டும், அதையும் பார்த்துவிடலாம்.

ஸ்பீக்கருக்குக் கம்பிக் காயில் சுற்றும் நண்பரின் கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால். அகலம் ஒரு கட்டில் அளவு. செம்புக் கம்பி உருளைகளுக்கு நடுவே நண்பர், கட்டைவிரல் நகம் வார்னிஷ் ஏறிக் கறுத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒரே விளம்பர வண்டியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"துண்டுக்குள்ள என்னடா, பிள்ளையைத் தத்து எடுத்துட்டியா?"

"தகடு ரெண்டும் போயிருக்கு. பாரு."

"யாரு சொன்னது?"

"நான் சொல்றேன்."

"அப்ப நல்லாத்தான் இருக்கும்," என்று நண்பர் யூனிட்டை வாங்கி மேஜையில் மாட்டினார்.

அவரிடம் ஒரு சோதனைப் பெட்டி இருந்தது. ஒற்றை ஓசையை அனுப்பும். குமிழைத் திருகத் திருக அது கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும். காயில் எங்கேயாவது உரசினால் கரகரவென்று காட்டிக்கொடுக்கும். எதிரில் ஒரு சின்ன மைக், அதற்கு ஒரு மீட்டர், மீட்டரில் ஒரு முள். கூம்புக்காரர் வழக்கம்போல முள்ளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காதை மட்டும் கொடுத்தார்.

ஓசை ஏறியது. விசிலாக இருந்தது கொசுவானது, கொசு ஊசிமுனையானது. பிறகு நின்றுவிட்டது.

"பார்த்தியா! அங்கதான் போயிருக்கு. நான் சொல்லலை?"

நண்பர் இன்னொன்றை மாட்டினார். அதுவும் ஏறியது, அதே இடத்தில் நின்றது.

"ரெண்டும் எப்படிடா ஒரே இடத்துல போகும்?" என்றார் நண்பர்.

"ஒரே கம்பெனி சரக்கு. ஒரே கோளாறு."

நண்பர் அலமாரியில் கைவிட்டு, காகிதம் பிரிக்காத புது யூனிட் ஒன்றை எடுத்தார், பிரித்தார், மாட்டினார். விசில், கொசு, ஊசிமுனை. அதே இடத்தில் அமைதி.

கூம்புக்காரர் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். மீட்டரின் முள் விழவில்லை. காவல்காரன் மாதிரி நிமிர்ந்து நின்றது.

"ஓடுதா?"

"ஓடுது."

"உனக்குக் கேக்குதா?"

"எனக்கு உனக்கு முன்னாடியே நின்னுபோச்சு. நின்னு ரொம்ப நாளாச்சு. அதுக்குத்தானே முள்ளு வாங்கி வச்சிருக்கேன்?"

"ஒரு வார்த்தை சொல்லலையேடா நீ."

"காது போச்சுன்னு போஸ்டரா ஒட்டுவாங்க? முடி போச்சு, சும்மா இருந்தே. பல்லு ரெண்டு போச்சு, சும்மா இருந்தே. உன் காதுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

கூம்புக்காரர் மூன்று யூனிட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுப் பார்த்தார். சூடு இருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி. நண்பருக்கு மனசு கேட்கவில்லை. குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்: "இந்தப் பெட்டியை எடுத்துட்டுப் போடா. முள்ளைப் பார்த்து முடி."

"முள்ளு என்ன சொல்லும்?"

"எவ்வளவு இருக்குன்னு சொல்லும்."

"எவ்வளவு போதும்னு சொல்லுமா?"

நண்பர் யோசித்தார். "சொல்லாது. அதுக்கு ஒரு ஆள்தான் வேணும்," என்றார்.

துண்டைத் தோளோடு அணைத்துக்கொண்டு நடந்து திரும்பும்போது கூம்புக்காரருக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. மேல் ஓசை அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியிருக்கிறது. மங்க மங்க அவர் ரெசிஸ்டரைச் சிறிதாக்கியிருக்கிறார். தனக்கு எட்டாததை எட்ட வைக்க, எட்டுகிறவர்களின் காதில் ஊசியைச் சொருகியிருக்கிறார். போன வருஷம் ஜோடி வாங்கிய வக்கீல் குட்டிக் கூம்புக்கு முன்னால் துணி கட்டியிருந்தார். ஏன் என்று கேட்டதற்குத் தூசிக்காக என்றார். தூசிக்குப் பயப்படுகிறவரின் மேஜையில் ஒரு மாதத் தூசி இருந்தது. அதைப் பார்த்தும் இவருக்கு உறைக்கவில்லை. எல்லோரும் மரியாதை தெரிந்தவர்கள். அந்த மரியாதையால்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தது.

வீட்டுக்குள் வந்து தையல் மெஷின் பக்கத்தில் நின்றார். மனைவி நிமிரவில்லை.

"உனக்குத் தலைவலி எப்பலேர்ந்து?"

"இப்ப என்ன அதுக்கு?"

"சொல்லேன்."

"நீங்க அந்தக் குட்டியைத் துள்ள விட ஆரம்பிச்சதுலேர்ந்து."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னேனே. தலை வலிக்குதுன்னு சொன்னேன். நீங்க மாத்திரை வாங்கிட்டு வந்தீங்க."

"ஸ்பீக்கராலதான்னு சொல்லியிருக்கலாம்ல?"

மனைவி மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். "சொல்லியிருந்தா, உன் காது மெஷின் சத்தத்துல ஊறிப்போச்சுன்னு சொல்லியிருப்பீங்க. நேத்து டாக்டரம்மாகிட்ட சொன்னது எனக்கும் கேட்டுச்சு."

மறுத்துப் பேச வாயெடுத்தார். சொல்லியிருப்பார்தான். அதே குயில் உவமையோடு சொல்லியிருப்பார்.

"சலிச்சுப்போச்சுன்னு நினைச்சேன்," என்றார் கடைசியில்.

"எது?"

"என் வேலை."

"போங்க," என்றார் மனைவி. நூலை அறுத்துவிட்டு எழுந்தார்.

நாற்காலி பழைய இடத்துக்கு வந்தது. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், சம தூரத்தில். கூம்புக்காரர் யூனிட்டுகளைத் திரும்ப மாட்டிவிட்டு, பெட்டிகளின் பின்னால் குந்தி உட்கார்ந்து, ரெசிஸ்டர்களை வரிசையாகத் தரையில் பரப்பினார். ஒரு பெண் பாடுகிறார், பக்கத்தில் ஒரே ஒரு மத்தளம். அந்தப் பதிவைத்தான் எப்போதும் போடுவார்.

"இப்ப?"

"பாத்திரம் சுரண்டுற மாதிரி இருக்கு."

கொஞ்சம் பெரிதாக ஒன்றை வைத்தார். "இப்ப?"

"சுரண்டலை. ஆனா அந்தப் பொண்ணு பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பாடுது."

இன்னும் பெரிது. "இப்ப?"

"ரொம்ப அமுக்கிட்டீங்க. கம்பளிக்குள்ள இருக்கா. முன்னாடி வச்சதுக்கும் இதுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கா?"

இருந்தது. இரண்டு ரெசிஸ்டரைச் சேர்த்து முறுக்கினால் அந்த நடு அளவு வரும். முறுக்கி வைத்தார்.

மனைவி ஒரு சரணம் முழுக்கக் கேட்டார். பிறகு, "இது சரி," என்றார்.

"சரியா? இது செத்த ஓசை. ஒண்ணுமே இல்ல இதுல. மத்தளத்துல தோலு இருக்கு, விரலைக் காணோம்."

"இருக்கு."

"எங்க இருக்கு?"

"எனக்கு இருக்குங்க."

கூம்புக்காரர் பற்றவைக்கும் கோலைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தார். அவர் கேட்ட பாட்டு, சாத்திய கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது மாதிரி இருந்தது. தனக்குப் பிடிக்காத ஒரு ஓசையை அவர் இதுவரை வாசல் தாண்ட விட்டதில்லை. எத்தனை பேர் அவசரப்படுத்தியிருக்கிறார்கள், எத்தனை பேர் கெஞ்சியிருக்கிறார்கள், விட்டதில்லை. இப்போது பற்றவைத்தால் வாழ்நாளில் முதல் தடவையாகத் தனக்குத் தெரியாத ஒன்றை இதுதான் என் வேலை என்று அனுப்பப்போகிறார். பற்றவைக்காவிட்டால், தனக்கு மட்டும் பிடித்த ஊசியை இன்னும் எத்தனை கூடத்தில் கொண்டுபோய்ச் சொருகுவது?

எழுந்துபோய் முகத்தைக் கழுவினார். குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்தபோது பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. மனைவி உள்ளறைக்குப் போயிருப்பார் என்று நினைத்தார். போகவில்லை. நாற்காலியிலேயே ஒரு சட்டையை மடியில் போட்டுக்கொண்டு பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். ஊசி ஒரே சீராகப் போய் வந்துகொண்டிருந்தது. பாட்டு உச்சிக்கு ஏறியபோதும் முகம் சுளிக்கவில்லை.

கூம்புக்காரர் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே குந்தினார், ஈயத்தை உருக்கினார், புகை எழுந்தது. இரண்டு பெட்டிக்கும் பற்றவைத்து முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டரம்மா வந்தார். தாடையைப் பிடிக்கத் தயாராகத்தான் வந்திருப்பார் போல; நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். பாட்டு தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்ந்தார். செருப்பைக் கழற்றினார். ஒரு பாட்டு முடிந்து அடுத்ததும் முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"என்ன மாஸ்டர் மாத்தினீங்க?"

மனைவி கதவோரம் நின்றிருந்தார். தகடு மாற்றினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் எதுவும் தெரியாது. டாக்டரம்மாவும் மேலே கேட்கப் போவதில்லை. கூம்புக்காரர் தொண்டையைச் செருமினார்.

"எனக்கு மேல் ஓசை கேக்கறதில்லம்மா. போயிடுச்சு. உங்க காது நல்ல காது. நான்தான் தப்பாப் பேசிட்டேன்."

"அப்ப டிரில்லுல ஊறலையா?"

"ஊறியிருக்கும். கெடலை."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அப்ப இதை யார் சரி பண்ணினது?"

"நான்தான் பண்ணினேன். வேற யாரு பண்ணுவா?" என்று நிமிர்ந்தார் கூம்புக்காரர். "இவ கேட்டா, நான் செஞ்சேன். இவ காது எப்பேர்ப்பட்ட காதுன்னு நினைக்கிறீங்க? ரெண்டு ரெசிஸ்டருக்கு நடுவுல இருக்கிறதைப் பிடிச்சா. இந்த ஊர்ல அப்படி ஒரு காது இருந்தா காட்டுங்க பார்க்கலாம். மீட்டரெல்லாம் கிட்ட நிக்க முடியாது."

"போதும், நிறுத்துங்க," என்றார் மனைவி.

"ஏன் நிறுத்தணும்? உள்ளதைத்தானே சொல்றேன்?"

"அதுக்கில்ல. இடது பக்கம் ஒரு பொடி தூக்கலா இருக்கு. ரெண்டு பாட்டா பார்த்துக்கிட்டே இருக்கேன்."

டாக்டரம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே. இதுவே ரொம்ப நல்லா இருக்கு. நாளைக்கே வண்டி அனுப்பிடுறேன் மாஸ்டர்."

"உங்களுக்குத் தெரியாதும்மா," என்றார் கூம்புக்காரர். "வண்டியைப் புதன்கிழமை அனுப்புங்க."

டாக்டரம்மாவை வழியனுப்பக்கூட அவர் நிற்கவில்லை. இடது பெட்டியின் பின்னால் போய்க் குந்தி, "எவ்வளவு தூக்கல்? விவரமாச் சொல்லு," என்று முணுமுணுத்துக்கொண்டே பின்பலகையின் முதல் ஸ்க்ரூவைத் திருகத் தொடங்கினார்.